ஸ்டெராய்டு சாப்பிட்ட சமயத்தில் ‘பார்டர்லைன் சுகர்’ என்று ரிப்போர்ட் வந்தால்: எண்ணையும் தேதியையும் சேர்த்துப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

போன ஐப்பசி மழையில் அம்மாவுக்கு வீசிங் முற்றிப்போய் டாக்டர் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டெராய்டு மாத்திரை எழுதிக்கொடுத்தார். முதல் 5 நாள் 40 மி.கி., அப்புறம் மூன்று மூன்று நாளாக 30, 20, 10 என்று இறக்கி மொத்தம் 14 நாள். ராத்திரி முழுக்கத் தலையணையை நிமிர்த்தி வைத்து உட்கார்ந்தே தூங்கியவர், மூன்றாம் நாள் படுத்துத் தூங்கினார். 9-ம் நாள், முன்னாடியே பணம் கட்டி வைத்திருந்த முழு உடல் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க லேபிலிருந்து ஆள் வந்தார். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்: வெறும் வயிற்றில் 97, காலை டிபனுக்கு 2 மணி நேரம் கழித்து 158, ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகரைக் காட்டும் எண்) 6.1. அந்த 6.1 மட்டும் தடித்த எழுத்தில், பக்கத்தில் ‘பிரிடயபட்டீஸ்’ என்று, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய பார்டர்லைன் நிலை.

அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அக்கா வெந்தயம் ஊறவைக்கச் சொன்னார், சித்தப்பா தான் சுகருக்குப் போடும் மெட்ஃபார்மின் அட்டையைப் படம் எடுத்து அனுப்பினார், அம்மா காபியில் சர்க்கரையை நிறுத்திவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ரத்தம் எடுக்க வந்தவர் பெயர் என்ன, வயசு என்ன, சாப்பிட்டீர்களா என்று மூன்று கேள்வி கேட்டார். என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதம் டாக்டரிடம் கேட்டும், படித்தும், வீட்டில் விரலைக் குத்தியும் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை; ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் முன்னால் உட்காரும்போது சரியான கேள்வியைக் கேட்க இது உதவும், அவ்வளவே. சுகர் எண்களெல்லாம் இங்கே லேப்கள் அச்சடிக்கிற மி.கி./டெ.லி. கணக்கில், ஹெச்பிஏ1சி மட்டும் சதவீதத்தில். லண்டனிலோ கனடாவிலோ இருந்து படிப்பவர்கள் தங்கள் சுகர் எண்ணை 18-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், 5.6 என்றால் கிட்டத்தட்ட 101.

முதல் வேலை: மாத்திரை தேதியைக் கண்டுபிடியுங்கள்

ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு முதலில் இதைச் செய்யுங்கள். எந்த ஸ்டெராய்டு, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதி ஆரம்பித்தது, எந்தத் தேதி நின்றது, ஒரு நாளில் எந்த வேளைக்குப் போட்டது. எங்கள் வீட்டில் இது சுலபமாகக் கிடைத்தது. சமையலறைச் சுவரில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரில், மாத்திரை போட்ட நாள்களில் எல்லாம் அம்மா பேனாவால் ‘மா’ என்று எழுதி, பக்கத்தில் எத்தனை மாத்திரை என்றும் போட்டிருந்தார். ரத்தம் எடுத்த தேதி அந்த ‘மா’க்களுக்கு நடுவே இருந்தது. பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

நிறையப் பேருக்குத் தாங்கள் சாப்பிட்டது ஸ்டெராய்டு என்பதே தெரியாது. அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள்: பிரெட்னிசோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், டெஃப்ளாசகார்ட், ஹைட்ரோகார்ட்டிசோன். கடையில் ‘அரிப்புக்கு’, ‘உடம்பு தேற’ என்று சீட்டு இல்லாமல் வாங்கியதிலும் இவை இருக்கலாம். மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் பெயர் ஒட்டாத டப்பாவில் வரும் பொடி, ‘இரண்டே நாளில் வலி போச்சு’ என்று சொல்ல வைக்கிறது என்றால் அதில் ஸ்டெராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள், டாக்டரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மில்லிகிராமை மட்டும் பார்த்து ‘சின்ன டோஸ்தான்’ என்று நினைக்கக் கூடாது. பிரெட்னிசோலோன் 5 மி.கி. செய்கிற வேலையை டெக்ஸாமெத்தசோன் 0.75 மி.கி.யே செய்துவிடும், மெத்தில்பிரெட்னிசோலோன் என்றால் 4 மி.கி., டெஃப்ளாசகார்ட் என்றால் 6 மி.கி. கொரோனா சமயத்தில் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்த டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி. என்பது பிரெட்னிசோலோன் 40 மி.கி.க்குச் சமம்.

மாத்திரை தவிர மற்றவை? முழங்கால், தோள் மூட்டுக்குள் போடும் ஸ்டெராய்டு ஊசி சில நாள், சிலருக்கு ஒரு வாரம் வரை சுகரை ஏற்றும். மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே, வழக்கமான அளவில் இழுக்கும் இன்ஹேலர், கொஞ்சமாகத் தடவும் களிம்பு இவற்றால் பெரிய மாற்றம் வராது. அம்மா பயந்துபோய் இன்ஹேலரை நிறுத்தப் பார்த்தார். அதை மட்டும் செய்யாதீர்கள், இன்ஹேலரை விட்டால் திரும்ப வீசிங் வந்து மறுபடி அதே மாத்திரையில்தான் போய் நிற்கும்.

ஸ்டெராய்டு உள்ளே என்ன செய்கிறது

சுருக்கமாக மூன்று வேலை. கல்லீரலைக் கூடுதலாகச் சர்க்கரை தயாரிக்க வைக்கிறது. தசையும் கொழுப்பும் இன்சுலின் சொல் கேட்காதபடி செய்கிறது. கணையம் இன்சுலின் சுரப்பதையும் மட்டுப்படுத்துகிறது. போதாக்குறைக்குப் பசியை வேறு கிளப்பிவிடும், அம்மா அந்த இரண்டு வாரமும் பதினொரு மணிக்கே சாப்பாடு ஆச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கணையத்தில் தெம்பு மிச்சம் இருக்கிறவர்களுக்கு இத்தனையும் நடந்தாலும் சுகர் பெரிதாக ஏறாது. ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறவர்களுக்குத்தான் தடதடவென்று ஏறும். அதனால் ஏறியது மருந்தாலா, நோயாலா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் சொல்ல முடியாது, பெரும்பாலும் இரண்டிலும் பங்கு இருக்கும். யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்க்கத்தான் அடுத்து வரும் படிகள்.

எந்த எண் எதைச் சொல்கிறது

பார்டர்லைன் என்று லேப் போடுவது இந்த எல்லைகளை வைத்து: வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை, ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை. இது அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் வெறும் வயிற்று எல்லையை 110-இல்தான் ஆரம்பிக்கிறது. பிரிட்டனில் ஹெச்பிஏ1சி 6.0-இல்தான் எச்சரிக்கிறார்கள். ஆக 104-ஐ ஒரு லேப் சிவப்பில் அச்சடிக்கும், இன்னொன்று கண்டுகொள்ளாது. 126, 200, 6.5 என்று தாண்டினால் மட்டும் எல்லோரும் ஒரே குரலில் சர்க்கரை நோய் என்பார்கள். தொந்தரவு எதுவும் தெரியாதவருக்கு அதையும் இன்னொரு பரிசோதனையில் உறுதிசெய்த பிறகுதான்.

இடையில் ஒன்று. 140-199 என்ற எல்லை குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனைக்கு உரியது. நாம் நாலு இட்லி சட்னியோ ஒரு தோசையோ சாப்பிட்டுவிட்டுக் கொடுக்கும் ‘பிபி’ ரத்தம் அந்தச் சோதனை ஆகாது. (இந்தப் பிபி ரத்த அழுத்தமில்லை, சாப்பாட்டுக்குப் பிந்தையது, ரிப்போர்ட்டில் 158 என்று பார்த்துவிட்டு அப்பா பிரஷர் மாத்திரையைத் தேடினார்.) இட்லிக்குப் பின் 158 என்பது ஒரு தடயம், அதை வைத்து மட்டும் யாருக்கும் முத்திரை குத்த முடியாது. 2 மணி நேரத்தை முதல் வாய் வைத்ததிலிருந்து எண்ண வேண்டும், கை கழுவியதிலிருந்து இல்லை.

எல்லோரும் தவறவிடுவது: மத்தியானம்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பிரெட்னிசோலோனைக் காலை 8 மணிக்குப் போட்டால் சுகரை ஏற்றும் வேலை நாலிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும், அதாவது மதியம் 12 முதல் சாயங்காலம் 4 வரை, அதே நேரத்தில்தான் நாம் சாதத்தையும் பிசைந்து சாப்பிடுகிறோம். ராத்திரியில் அது மெல்ல இறங்கி, விடியும்போது ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கும். லேப் ஆள் வருவது எத்தனை மணிக்கு? காலை 7 மணிக்கு.

அம்மாவின் 97 அப்படி வந்த 97. மறுநாள் சித்தி வீட்டு குளுக்கோமீட்டரை வாங்கி வந்து குத்திப் பார்த்தோம். காலை 6:30-க்கு 94. மதியம் ஒன்றரைக்கு வழக்கமான அளவு சாதம், சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிட்டார். மூன்றரைக்குக் குத்தினால் 218. அம்மா நம்பாமல் இன்னொரு விரலை நீட்டினார். 211. ராத்திரி படுக்கப்போகும்போது 149.

ஆக, பிரெட்னிசோலோன் போடும்போது வெறும் வயிற்று எண் நன்றாக இருப்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் பின்போ, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்போ பார்த்தால்தான் உண்மை தெரியும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஸ்ட்ரிப்தான் செலவு செய்ய முடியும் என்றால் அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். டெக்ஸாமெத்தசோன் வேறு மாதிரி, அதன் தாக்கம் ஒன்றரை நாளுக்கு மேல் நீடிக்கும் என்பதால் வெறும் வயிற்று எண்ணும் ஏறும். பிரெட்னிசோலோனையே காலை, ராத்திரி என்று பிரித்துப் போடுகிறவர்களுக்கும் அப்படித்தான்.

விரலைக் குத்தும்முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். வாழைப்பழம் உரித்த விரலில் குத்தினால் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துக் காட்டும். வீட்டு மெஷின் 15 சதவீதம் முன்பின் காட்டலாம், அது அனுமதிக்கப்பட்ட வித்தியாசம், 211-க்கும் 218-க்கும் நடுவே சண்டை போட வேண்டியதில்லை. நோயைத் தீர்மானிப்பது எப்போதும் லேபில் கை ரத்தக்குழாயிலிருந்து எடுத்த ரத்தம்தான்.

6.1-ஐ எப்படிப் படிப்பது

ஹெச்பிஏ1சியை ‘மூணு மாச சுகர்’ என்று சொல்கிறோம். சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது, அதுவரை ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை அதன்மேல் ஒட்டிக்கொண்டே வரும், எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதுதான் இந்த எண். மூன்று மாதத்துக்கும் சமமான பங்கு கிடையாது, கடைசி ஒரு மாதத்துக்கே கிட்டத்தட்டப் பாதிப் பங்கு.

இதனால் ஸ்டெராய்டு விஷயத்தில் இது இரண்டு பக்கமும் ஏமாற்றும். மாத்திரை ஆரம்பித்து ஒரு வாரத்தில் எடுத்தால், மதியம் 250 ஓடிக்கொண்டிருந்தாலும் ஹெச்பிஏ1சி 5.5 என்று சாதுவாக வரும். இன்னொரு பக்கம், ‘5 நாள் மாத்திரை போட்டேன், அதனால்தான் 6.3 வந்துவிட்டது’ என்று சொல்லி ரிப்போர்ட்டைக் கிழித்துப்போடுகிறவர்களும் உண்டு. அதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சராசரி சுகர் சுமார் 29 கூடினால் ஹெச்பிஏ1சி 1 கூடும். 5 நாள் உங்கள் சராசரி 60 கூடியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். 90 நாளில் பரப்பினால் மூன்று சொச்சம்; ஹெச்பிஏ1சியில் 0.1 கூடும். சமீப நாள்களுக்குப் பங்கு அதிகம் என்று இரட்டிப்பாக்கினாலும் 0.2. அப்படியானால் 6.3-இல் 6.1 ஏற்கெனவே இருந்தது. தோராயக் கணக்குதான், ஆனாலும் 5 நாள் மாத்திரை 5.3-ஐ 6.3 ஆக்காது என்று சொல்ல இது போதும். அதுவே இரண்டு மூன்று மாதம் ஸ்டெராய்டு ஓடியிருந்தால் மொத்த ஏற்றமும் மருந்தால் வந்ததாகவே இருக்கலாம்.

ஹீமோகுளோபினையும் ஒரு தடவை பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவால் வந்த ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம், நம் வீட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு இது பொருந்தும். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ, ரத்தம் நிறையப் போயிருந்தாலோ குறைவாகக் காட்டலாம்.

பழைய ரிப்போர்ட்டைத் தேடுங்கள்

பீரோவில் துணிக்கு அடியில் ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரு கேரிபேக்கில் கிடக்கும் அல்லவா, அதை எடுங்கள். ஸ்டெராய்டுக்கு முன்பு ஒரு வருஷம், இரண்டு வருஷத்துக்குள் எடுத்த ஒரு சுகர் எண் கிடைத்தாலும் எந்தப் பரிசோதனையையும்விட அதிகம் சொல்லும். அம்மாவுக்குக் கண்புரை அறுவைக்கு முன்னால் எடுத்தது கிடைத்தது: வெறும் வயிற்றில் 102. அப்போது யாரும் அதைக் கவனிக்கவே இல்லை.

எதுவும் கிடைக்கவில்லையென்றால் சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் இருக்கிறது, காசில்லாமல் வீட்டிலேயே போடலாம். வயது 35-49 என்றால் 20, ஐம்பதைத் தாண்டினால் 30. இடுப்புச் சுற்றளவு பெண்ணுக்கு 80-89 செ.மீ., ஆணுக்கு 90-99 என்றால் 10, அதற்கும் மேல் 20. உடற்பயிற்சியே இல்லாமல் உட்கார்ந்த வேலை என்றால் 30, லேசான வேலை என்றால் 20. அம்மா அப்பாவில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. மொத்தம் 60 வந்தாலே அதிக அபாயம். எங்கள் அம்மாவுக்கு 56 வயதுக்கு 30, இடுப்பு 86-க்கு 10, வீட்டு வேலைக்கு 20, தாத்தாவுக்குச் சர்க்கரை இருந்ததால் 10. எழுபது. ஸ்டெராய்டு மேல் மொத்தப் பழியையும் போடலாம் என்று நினைத்திருந்த எனக்கு அங்கே வாய் அடைத்தது.

மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும்போது

சுகர் ஏறுகிறதே என்று ஸ்டெராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள், குறைக்கவும் செய்யாதீர்கள். மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டால் உடம்பு சொந்தமாகச் சுரக்கும் ஸ்டெராய்டான கார்ட்டிசோலைக் குறைத்துக்கொண்டுவிடும், சட்டென்று நிறுத்தினால் வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் விழுவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். சித்தப்பாவின் மெட்ஃபார்மினையும் எடுத்துப் போடாதீர்கள்.

சாப்பாட்டில் செய்ய முடிந்தது ஒன்றுதான்: உச்சம் மதியத்தில் என்பதால் மதியச் சாதத்தைக் குறைத்து, கூட்டு, கீரை, முட்டை, சுண்டல், மீன் எது உங்கள் வீட்டு வழக்கமோ அதைக் கூட்டுங்கள். அம்மாவுக்கு அடுத்த நாள் சாதம் பாதி, உருளைக்கிழங்குக்குப் பதில் புடலங்காய்க் கூட்டு, சாப்பிட்டு முடித்துக் கால் மணி நேரம் மொட்டை மாடியில் நடை. மூன்றரை மணிக்கு 172. நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும் சர்க்கரைதான், கேழ்வரகுக் கூழும் ஒரு சொம்பு குடித்தால் ஏற்றத்தான் செய்யும்.

தொடர்ந்து 180-க்கு மேல் ஓடினால் ஸ்டெராய்டு எழுதிய டாக்டரிடமே சொல்லுங்கள். 216-ஐத் தாண்டி நின்றால் ஒரு நாளைக்கு நாலு தடவை பார்க்கச் சொல்வார்கள், மருந்தும் தேவைப்படலாம். 300-ஐத் தொட்டாலோ, அடங்காத தாகம், ஓயாமல் சிறுநீர், வாந்தி, குழப்பமான பேச்சு என்று வந்தாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

மூட்டுவாதம், லூபஸ், சிறுநீரக மாற்று என்று மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஸ்டெராய்டு ஓடுகிறவர்கள் ‘மருந்தால்தானே ஏறியது, தானாக இறங்கும்’ என்று காத்திருக்கக் கூடாது. மருந்தால் ஏறிய சர்க்கரையும் கண்ணையும் சிறுநீரகத்தையும் அதே மாதிரிதான் கெடுக்கும். சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ ஆரம்பித்தவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: ஸ்டெராய்டு டோஸ் இறங்கும்போது சுகர் மருந்தும் கூடவே இறங்க வேண்டும். இல்லையென்றால் விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி லோ சுகர் ஆகிவிடும். ஒவ்வொரு தடவை ஸ்டெராய்டைக் குறைக்கும்போதும் இதை நீங்களே டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

மறுபரிசோதனை எப்போது

மாத்திரை நின்றதும் ஓடிப்போய் ஹெச்பிஏ1சி எடுப்பது பணத்துக்குக் கேடு, அது பழைய நாள்களையும் சுமந்துகொண்டுதான் வரும். நின்று ஒரு வாரம் கழித்து மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மூன்று நாள் வீட்டிலேயே பாருங்கள், இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். அம்மாவுக்கு 138, 131, 142. உறுதியான பரிசோதனையை மூன்று மாதம் முடிந்த பிறகு, காய்ச்சல், இருமல் எதுவும் இல்லாத நாளாகப் பார்த்து எடுங்கள். நோய் உடம்பில் இருக்கும்போது ஸ்டெராய்டு இல்லாமலேயே சுகர் ஏறும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர் பரிசோதனைக்குக் காசில்லை. தனியார் லேப் என்றால் முதலில் போன அதே லேபுக்கே போங்கள், லேபுக்கு லேப் சின்ன வித்தியாசம் இருக்கும். ரத்தம் எடுப்பவர் கேட்காவிட்டாலும் சீட்டிலேயே ‘ஸ்டெராய்டு நின்ற தேதி’ என்று எழுதச் சொல்லுங்கள்.

வரும் முடிவு மூன்று விதமாக இருக்கலாம். எல்லாம் எல்லைக்குள் வந்துவிட்டால் வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும், ஆனால் ஸ்டெராய்டில் ஒரு தடவை ஏறியவர் என்பதை மறக்காமல். 6.5, 126 தாண்டியே நின்றால் அது சர்க்கரை நோய், ஸ்டெராய்டு அதை முன்கூட்டியே வெளிச்சம் போட்டுக் காட்டியிருக்கிறது. நடுவில் நின்றால், எங்கள் அம்மா மாதிரி. தை முடியும்போது எடுத்ததில் வெறும் வயிற்றில் 101, டிபனுக்குப் பின் 128, ஹெச்பிஏ1சி 5.8. ஆக அந்த 6.1-இல் மாத்திரையின் பங்கு ஏதோ 0.3 இருந்திருக்கலாம், மிச்சம் அம்மாவுடையது.

நடுவில் நிற்பவர்களுக்கு நல்ல சேதியும் சென்னையிலிருந்தே இருக்கிறது. பார்டர்லைனில் இருந்த 531 பேரை வைத்து டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வருஷத்தில் சாப்பாடு, நடை மாற்றம் மட்டுமே சர்க்கரை நோயாக மாறுவதைக் கிட்டத்தட்ட 28 சதவீதம் குறைத்தது. மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தபோது அதற்குமேல் குறையவில்லை. அம்மா இப்போது சாயங்காலம் பெருமாள் கோவிலைச் சுற்றி நடக்கிறார், காபியில் அரை ஸ்பூன் சர்க்கரை திரும்ப வந்துவிட்டது, அதற்கு நான் வாயைத் திறப்பதில்லை.

அடுத்த தடவை ஸ்டெராய்டு எழுதினால்

வீசிங் இருக்கிறவருக்கு அடுத்த மழையிலும் அது வரலாம். அதனால் இதை இப்போதே தயார் செய்து வைத்தோம். ஒரு குளுக்கோமீட்டர், காலாவதி தேதி பார்த்து வாங்கிய 25 ஸ்ட்ரிப். மருந்துச் சீட்டு ஃபைலின் முதல் தாளில் பெரிதாக ஒரு வரி: பிரெட்னிசோலோன் 20 மி.கி.யில் மதிய சுகர் 218. எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுவது. மாத்திரை ஆரம்பிக்கும் நாளே ஹெச்பிஏ1சி ஒன்று எடுத்து வைப்பது, அது மருந்து தொடாத எண்ணாக இருக்கும். முழு உடல் பரிசோதனைக்குத் தேதி கொடுத்திருந்தால் தயங்காமல் தள்ளிப்போடச் சொல்வது. புது வருஷக் காலண்டர் சுவரில் மாட்டியாகிவிட்டது, ஐப்பசிப் பக்கத்தின் மூலையில் அம்மா இப்போதே ‘மா’ என்று எழுதி, ‘3:30 குத்தணும்’ என்று கீழே போட்டு வைத்திருக்கிறார்.